ராணியும் ராஜாவும் சேர்ந்து செக்மேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு மொட்டைமாடியில் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்டம் ஆரம்பிப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. சிப்பாயை எட்டாம் வரிசை வரை தள்ளி ராணி எடுத்த பிறகுதான் கூத்து தொடங்கும். கையில் ராணி, எதிரியிடம் ஒற்றை ராஜா, ஆனாலும் ஆட்டம் டிராவில் முடியும். பிள்ளைகளும், மாடிப்படியில் உட்கார்ந்து பார்க்கும் பெற்றோரும் கேட்ட கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கட்டங்களின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வெள்ளைக் காய் ஆடுபவருக்கு இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச்; கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. ராணி நம்முடையது, அதாவது வெள்ளை. தனி ராஜா கறுப்பு. பலகையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு படித்தால்தான் பலன்.

ராணிதான் ஆட்டத்திலேயே பலமான காய் ஆயிற்றே, அது தனியாகவே மேட் செய்யாதா?

செய்யாது. ராணி தள்ளி நின்று செக் வைத்தால் ராஜாவுக்கு எப்போதும் நழுவ ஒரு கட்டமாவது மிச்சம் இருக்கும். ஒட்டிப் போய் நின்றால் அந்தக் கட்டங்களும் அடைபடும், ஆனால் பாதுகாப்பு இல்லாத ராணியை ராஜா வெட்டிவிடுவார். அதனால் ராணிக்குப் பின்னால் நம் ராஜா வந்து நின்றே ஆக வேண்டும். "ராஜாவைப் பத்திரமாக வை, வெளியே விடாதே" என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் கடைசிவரை பிடித்துக்கொண்டிருப்பதுதான் இங்கே முக்கால்வாசிப் பிரச்சினை. காய்கள் எல்லாம் போன பிறகு ராஜாவும் ஒரு படைவீரன்தான்.

மேட் ஆன நிலை எப்படி இருக்கும்? அதை முதலில் காட்டுங்கள்.

சரியான கேள்வி. போகவேண்டிய ஊர் தெரியாமல் பேருந்தில் ஏறக் கூடாது.

கறுப்பு ராஜாவை ஈ8-இல் வையுங்கள், நம் ராஜாவை ஈ6-இல். ராணியை ஈ7-இல் வைத்தால் மேட். ராணி கறுப்பு ராஜாவின் மூக்குக்கு நேரே நிற்கிறது, பின்னால் நம் ராஜா காவல். நம் ராஜா ஈ6-க்குப் பதில் டி6-இலோ எஃப்6-இலோ இருந்தாலும் இதே மேட்தான். பிள்ளைகளிடம் இதை 'ஒட்டி நிற்கும் மேட்' என்று சொல்வேன்.

இன்னொன்று 'வரிசை மேட்'. ராஜாக்கள் அதே ஈ8, ஈ6 கட்டங்களில் எதிரெதிரே நிற்கட்டும். ராணி ஏ8-க்கு வந்து எட்டாம் வரிசை முழுவதையும் அடித்தால் முடிந்தது. கீழே உள்ள டி7, ஈ7, எஃப்7 மூன்றையும் நம் ராஜா பார்த்துக்கொள்கிறார். இதில் ராணி தூரத்தில் நிற்க வேண்டும். அவசரத்தில் டி8-இல் கொண்டுபோய் வைத்தால் ராஜா வெட்டிவிடுவார், பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் நிற்கும், அதுவும் டிரா.

இரண்டிலும் கறுப்பு ராஜா பலகையின் ஓரத்தில் இருப்பதைக் கவனியுங்கள். நடுப் பலகையில் வைத்து இந்த மேட் கிடையாது. அதனால் முதலில் ஓரத்துக்குத் தள்ள வேண்டும், அப்புறம் நம் ராஜாவை அழைத்து வர வேண்டும், அப்புறம்தான் மேட்.

செக், செக் என்று வைத்துக்கொண்டே போனால் ஓரத்துக்குப் போய்விடாதா?

புதிதாக ஆடுபவர்களுக்குச் செக் வைப்பதில் ஒரு தனி சந்தோஷம். எதிரி கட்டாயம் ஓட வேண்டும், நாம் துரத்துகிறோம் என்ற நினைப்பு. ஆனால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை அவர் தீர்மானிக்கிறார். பெரும்பாலும் நடுவுக்கே திரும்பி வருவார். ஆட்டைப் பட்டியில் அடைக்க வேண்டுமென்றால் நடுவில் நின்று கல் எறிய மாட்டோம், வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டு வருவோம். ராணியை வேலியாக நினையுங்கள். கீழே வரும் முழு ஆட்டத்தில் ராணி வைக்கும் செக் ஒன்றே ஒன்றுதான், அது கடைசி மேட்.

அந்த வேலியை எங்கே போடுவது?

கறுப்பு ராஜாவிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரத்தில். அதாவது, ராணி இருக்கும் இடத்தில் குதிரை இருந்தால் அது ராஜாவுக்குச் செக் வைத்திருக்கும், அந்த இடம். ராணிக்குக் குதிரை நடை மட்டும் தெரியாது என்பதால் செக் ஆகாது. ராஜா ராணியைத் தொடவும் முடியாது. ஆனால் ராஜாவைச் சுற்றியிருக்கும் எட்டுக் கட்டங்களில் ஐந்து அடைபட்டுவிடும்.

அப்புறம் ராஜா எந்தப் பக்கம் எத்தனை கட்டம் போகிறாரோ, ராணியும் அதே பக்கம் அதே அளவு போக வேண்டும். அவர் ஒரு கட்டம் மேலே போனால் நீங்களும் ஒரு கட்டம் மேலே, மூலைவாட்டாகப் போனால் நீங்களும் மூலைவாட்டாக. நிழல் மாதிரி. யோசிக்கவே வேண்டாம் என்பதுதான் இதன் அழகு. கடிகாரத்தில் இருபது விநாடி மிச்சம் இருக்கும்போதும் கை தானாகப் போகும்.

ஒரு முழு ஆட்டம் ஆடிக்காட்ட முடியுமா?

நம் ராஜா ஈ1, ராணி டி1. கறுப்பு ராஜா ஈ5, பலகையின் நடுவில் ஜம்மென்று நிற்கிறார். நம் முறை.

முதலில் ராணி டி3. குதிரைத் தூரம் வந்துவிட்டது. கறுப்பு ராஜாவுக்கு ஈ6, எஃப்6, எஃப்4 மூன்றுதான் மிச்சம். அவர் எஃப்6 போகிறார் என்று வைப்போம். வலப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று. நாமும் அப்படியே, 2. ராணி ஈ4. அவர் எஃப்7, ஒரு கட்டம் மேலே. 3. ராணி ஈ5. அவர் ஜி6-க்கு இறங்குகிறார், நாம் 4. ராணி எஃப்4. அவர் ஜி7, நாம் 5. ராணி எஃப்5. அவர் எச்6, நாம் 6. ராணி ஜி4.

இங்கே கொஞ்சம் நின்று பலகையைப் பாருங்கள். கறுப்பு ராஜா எச் வரிசைக்கு வந்துவிட்டார். ஜி வரிசை முழுக்க ராணியின் வேலி. இனி அவரால் வெளியே வர முடியாது. அவருக்கு இருப்பது எச்7 ஒன்றுதான். போகிறார். 7. ராணி ஜி5. மறுபடியும் ஒரே கட்டம், எச்8. போகிறார்.

இப்போது கை பழக்கத்தில் ராணியைத் தூக்கும். ராஜா ஒரு கட்டம் மேலே போனார், நாமும் ஒரு கட்டம் மேலே, ஜி6 என்று. வைக்காதீர்கள்! வைத்தால் கறுப்பு ராஜாவுக்கு ஜி7, ஜி8, எச்7 மூன்றும் அடைபட்டுவிடும், செக்கும் இல்லை. செக் இல்லாமலே நகர இடமில்லாத இந்த நிலைதான் ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. இந்த முறையில் நினைவில் வைக்கவேண்டிய ஒரே ஆபத்து இதுதான்: ராஜா மூலைக் கட்டத்தில் கால் வைத்ததும் நிழல் விளையாட்டை நிறுத்திவிட வேண்டும்.

ராணி ஜி5-இலேயே இருக்கட்டும். கறுப்பு ராஜா எச்8, எச்7 என்று ஊஞ்சல் ஆடிக்கொண்டிருப்பார். அவருக்கு வேறு வழி இல்லை. நாம் நிதானமாக ராஜாவை நடத்தி வருகிறோம்: 8. ராஜா ஈ2, 9. ஈ3, 10. ஈ4, 11. ஈ5, 12. எஃப்6. அவர் எச்7-இல் இருக்கிறார். 13. ராணி ஜி7, மேட். ஒட்டி நிற்கும் மேட்தான், எச் வரிசை ஓரத்தில். காவல் எஃப்6-இல் நம் ராஜா.

கறுப்பு வேறு கட்டங்களுக்கு ஓடியிருந்தாலும் கதை இதேதான். ஓரமும் மூலையும் மாறும், அவ்வளவுதான்.

ராஜாவை நடத்திக்கொண்டு வரும்போது எந்த வழியாக வந்தாலும் சரியா?

இல்லை. மேலே உள்ள ஆட்டத்தில் ராஜா எஃப்6 பக்கமாக வந்தார். அவர் ஜி6-இல் போய் நின்றால் ராணிக்கு முன்னாலேயே நின்று வேலியை மறைத்துவிடுவார், கறுப்பு ராஜா ஜி8 வழியாக நழுவலாம். அதைவிட மோசம், எச்8-இல் கறுப்பு ராஜா இருக்கும்போது நம் ராஜா எச்6-க்கு வருவது. எச்7-ஐ நம் ராஜாவே அடைத்துவிடுகிறார், ஜி7-உம் ஜி8-உம் ராணி வசம், போக இடமில்லை, டிரா. ராணி போட்ட வேலிக்கு வெளிப்பக்கமாக, பக்கத்து வரிசையில் ராஜாவைக் கொண்டுவாருங்கள்.

ஸ்டேல்மேட் மூலையில் மட்டும்தானே வரும்?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பள்ளி நாட்களில் ஒரு போட்டியில் அரைப் புள்ளியைத் தொலைத்த பிறகுதான் தெரிந்தது.

ராஜா மூலையில் இருந்தால் குதிரைத் தூர ராணி எப்போதுமே ஸ்டேல்மேட். ஏ8-க்கு பி6-உம் சி7-உம், எச்8-க்கு ஜி6-உம் எஃப்7-உம். இது பலருக்கும் தெரியும். ஓரத்தின் நடுவில் வருவதுதான் மறைந்திருந்து கடிக்கும். கறுப்பு ராஜா ஈ8, நம் ராணி எஃப்6 என்று வையுங்கள். இதுவும் குதிரைத் தூரம். கறுப்புக்குப் போக டி7 ஒன்றுதான் இருக்கிறது. அந்த டி7-ஐ நம் ராஜா ஈ6-இலோ சி6-இலோ நின்று அடைத்துவிட்டால் ஸ்டேல்மேட். பார்க்க அழகாக நெருக்கியதுபோலத் தெரியும், கைகுலுக்கிவிட்டு அரைப் புள்ளியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் செய்ததும் இதைத்தான். எதிரே இருந்த பையன் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

எதிரி ராஜா ஓரத்துக்கு வந்துவிட்டால், செக் அல்லாத ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் "இதை வைத்த பிறகு அவர் எங்கே போவார்?" என்று ஒரு கட்டத்தையாவது விரலால் காட்ட முடிய வேண்டும், மனசுக்குள்தான். போட்டியில் நிஜ விரல் காய்மேல் பட்டால் அந்தக் காயைத்தான் நகர்த்த வேண்டும்.

மூலை வரைக்கும் துரத்தித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஓர வரிசைக்கு ராஜா வந்ததும், ராணி அதற்கு அடுத்த வரிசையில் தள்ளி நின்று பூட்டிவிட்டால் போதும். எட்டாம் வரிசையில் ராஜா, ஏழாம் வரிசையில் ராணி. அதன் பிறகு ராணியைத் தொடாமல் நம் ராஜாவை அழைத்து வரலாம். கறுப்பு ராஜா ராணியை நெருங்கி வந்தால் மட்டும் அதே வரிசையில் மறுபக்கம் தள்ளி வையுங்கள். கொஞ்சம் ஆடிப் பழகியவர்கள் இப்படித்தான் செய்வார்கள். புதிதாகக் கற்பவருக்கு மூலையில் இரண்டே கட்டத்தில் ஊஞ்சல் ஆடவிடுவது நிம்மதி.

எத்தனை நகர்த்தலில் முடிக்க வேண்டும்? கணக்கு ஏதாவது உண்டா?

உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, இரு தரப்பும் 50 நகர்த்தல்கள் ஆடியும் எந்தக் காயும் வெட்டப்படாமல், எந்தச் சிப்பாயும் நகராமல் இருந்தால் எதிரி டிரா கேட்கலாம். யாரும் கேட்காவிட்டாலும் 75-இல் ஆட்டம் தானாக டிரா. சிப்பாய் ராணியாக மாறுவதும் சிப்பாயின் நகர்த்தல்தான் என்பதால் எண்ணிக்கை அங்கிருந்து புதிதாகத் தொடங்கும்.

நமக்கு 50 என்பது தாராளம். இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் 10 நகர்த்தலில் மேட் என்று கணினிகள் எல்லா நிலைகளையும் அலசிச் சொல்லிவிட்டன. ராணிக்குப் பதில் யானை என்றால் 16. நம் நிழல் முறை கணினியைவிட மெதுவானதுதான். இருக்கட்டும். கணினி பரிசு வாங்கப் போவதில்லை.

எண்ணிக்கை சரி, நேரம் போய்விட்டால்?

ஆட்டம் டிரா. உங்கள் கடிகாரம் தீர்ந்தாலும், ஒற்றை ராஜாவை வைத்து எதிரியால் எந்த விதத்திலும் மேட் செய்ய முடியாது என்பதால் அவருக்கு வெற்றி கிடையாது. தோற்கவில்லையே என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. ராணி வைத்துக்கொண்டு அரைப் புள்ளி வாங்கியவருக்கு அது ஆறுதலாகப் பட்டு நான் பார்த்ததில்லை.

இன்னும் இரண்டு சிப்பாய் மிச்சம் இருக்கிறது. எல்லாவற்றையும் ராணி ஆக்கிவிடலாமா?

என் மாடியில் இதற்குத் தடை. மூன்று ராணியோடு ஸ்டேல்மேட் செய்வது ஒரு ராணியோடு செய்வதைவிட ரொம்பச் சுலபம், ஏனென்றால் மிச்சம் இருக்கும் கட்டங்கள் குறைவு. கையில் யானை ஒன்று இருந்தால் நல்லது. ராணியும் யானையும் பக்கத்துப் பக்கத்து வரிசைகளை மாறி மாறி அடித்து, ஏணிப்படி மாதிரி ராஜாவை ஓரத்துக்கு ஏற்றிவிடலாம், நம் ராஜாவின் உதவியே தேவைப்படாது. எதிரியிடம் நகர்த்தக்கூடிய சிப்பாய் ஒன்று மிச்சம் இருந்தாலும் நல்லதுதான். அது நகரும்வரை ஸ்டேல்மேட் வராது. அவசரப்பட்டு வெட்டாதீர்கள், ஆனால் அது ராணியாகப் போகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும்.

ராணிக்காய் கையில் இல்லாவிட்டால் யானையைக் கவிழ்த்து வைக்கலாம்தானே?

வீட்டில் தாராளமாக. போட்டியில் கூடாது. கவிழ்த்து வைத்த யானை அங்கே யானைதான். கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிட்டு ராணி கேளுங்கள், அது உங்கள் உரிமை.

ராணி பழைய சதுரங்கத்திலும் இவ்வளவு பலமா?

இல்லை. ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றது அன்று மந்திரி. மூலைவாட்டாக ஒரே ஒரு கட்டம்தான் நகரும். (நம் வீடுகளில் பலர் பிஷப்பை மந்திரி என்பார்கள், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில்தான் அந்தக் காய்க்கு இன்றைய வேகம் வந்தது. மந்திரியையும் ராஜாவையும் மட்டும் வைத்து மேட் செய்யவே முடியாது. ஆக, இந்தப் பக்கம் முழுக்க நாம் பேசுவது ஆட்டத்தின் வரலாற்றில் கொஞ்சம் புதிய சங்கதி.

தனி ராஜாவோடு நான் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

ராஜினாமா செய்யாதீர்கள், எதிரே இருப்பவர் புதியவர் என்றால் கட்டாயம் செய்யாதீர்கள். முடிந்தவரை நடுவிலேயே இருங்கள். செக் மேல் செக் வைக்கிறாரா, ரொம்ப நல்லது, அவருக்கு வழி தெரியவில்லை. நிழல் மாதிரி ஒட்டி வருகிறார் என்றால் ஆள் படித்துவிட்டு வந்திருக்கிறார். அப்போது மூலைக்கு ஓடிப்போய் நிற்பதுதான் மிச்சம் இருக்கும் ஒரே சூழ்ச்சி, கை பழக்கத்தில் அவர் ராணியை இன்னொரு கட்டம் நகர்த்தினாலும் நகர்த்துவார். நகர்த்தல்களை எழுதிக்கொண்டு வாருங்கள், 50 ஆனால் கேட்க வேண்டுமே.

எதிரியிடம் ராஜாவோடு இன்னொரு காயும் இருந்தால் இதே முறை செல்லுமா?

அது வேறு பாடம். கடைசிக்கு முந்தின கட்டத்துக்கு வந்துவிட்ட சிப்பாய், பக்கத்தில் அவருடைய ராஜா, நம் ராஜாவோ தூரத்தில் என்று வைப்போம். பொதுவாக அது பி, டி, ஈ, ஜி வரிசைச் சிப்பாய் என்றால் ராணி ஜெயிக்கும். ஏ, சி, எஃப், எச் என்றால் டிரா ஆகிவிடும், அதிலும் ஸ்டேல்மேட்தான் வில்லன்.

யானை இருந்தால் இன்னும் கஷ்டம். பெரும்பாலும் ராணி ஜெயிக்க வேண்டிய நிலைதான், ஆனால் செய்துகாட்டுவது பெரியவர்களுக்கே தண்ணி காட்டும். 1970-களின் பிற்பகுதியில், ஆறு முறை அமெரிக்கச் சாம்பியனாக இருந்த கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரௌன், யானைப் பக்கம் ஆடிய கணினியை ராணியை வைத்து ஜெயித்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டினார். முதல் தடவை 50 நகர்த்தலுக்குள் முடியவில்லை. போய்ப் படித்துவிட்டு வந்து, அடுத்த தடவை சரியாக 50-ஆவது நகர்த்தலில் ஜெயித்தார். அதனால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் எப்படிப் பழகுவது?

பலகையில் மூன்று காய், எதிரே அண்ணனோ அக்காவோ. அம்மா, அப்பா இருந்தாலும் போதும், தனி ராஜாவை நகர்த்த செஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் காய்களை வேறு வேறு இடத்தில் போட்டுத் தொடங்குங்கள், ஒவ்வொரு மூலையிலும் ஒரு தடவையாவது மேட் செய்யுங்கள். எச்8 மூலையில் சரளமாக ஆடுகிற பிள்ளை ஏ1-இல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். தவறில்லாமல் வந்த பிறகு கடிகாரம் வையுங்கள், முதலில் இரண்டு நிமிடம், அப்புறம் ஒன்று, அப்புறம் முப்பது விநாடி. ஆள் கிடைக்காவிட்டால் லிச்செஸ் தளத்தில் இலவசமாகவே இந்த மேட்டுக்குப் பயிற்சி இருக்கிறது. அங்கே கறுப்பு ராஜாவை நகர்த்துவது கணினி என்பதால் சலுகை கிடைக்காது.

மேட் வைத்ததும் கடிகாரத்தை அழுத்த வேண்டுமா?

வேண்டாம். விதிப்படி நகர்த்திய மேட் என்றால் காய் கட்டத்தில் உட்கார்ந்த அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு உங்கள் கடிகாரம் பூஜ்யம் காட்டினாலும் வெற்றி உங்களுடையதுதான். கையை நீட்டிக் குலுக்குங்கள்.